விமானி, ஆசிரியர், குடும்பத் தலைவர்: டஸ்கீகியின் 'சீஃப்' ஆண்டர்சன்

விமானியாகவும் ஆசிரியராகவும் குடும்பத்தின் மீது பற்றுள்ள மனிதராகவும் ஒருசேர வாழ்ந்து மறைந்தவர்களில் கட்டாயம் நினைவுகூர வேண்டியவர் யார், ஏன் என்பது கேள்வி. எனக்குத் தயக்கமின்றி நினைவுக்கு வரும் பெயர் சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற சிற்றூரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கறுப்பின விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். மாணவர்கள் அவரைச் 'சீஃப்' என்றே அழைத்தார்கள். அவரிடம் படித்தவர்களின் வீரத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவர்களுக்குக் கற்பித்த மனிதரோ பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு பத்தியோடு முடிந்துபோகிறார். அவருடைய விமானி வாழ்க்கையும் குடும்ப வாழ்க்கையும் ஆசிரியப் பணி என்ற ஒன்றைச் சுற்றியே அமைந்தன என்பது என் கருத்து. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டர்சன் 1907 பிப்ரவரி 9 அன்று பென்சில்வேனியாவின் பிரின் மார் என்ற ஊரில் பிறந்தார். விமானத்தின் மீது அவருக்குச் சிறு வயதிலேயே ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு கறுப்பின இளைஞனை விமானத்தில் ஏற்றிக் கற்றுக்கொடுக்க அநேகமாக எந்தப் பயிற்றுநரும் முன்வரமாட்டார். அவருக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண், அமெரிக்காவில் எல்லாக் கதவுகளும் மூடியிருந்த காரணத்தால், பிரெஞ்சு மொழி கற்று பிரான்சுக்குக் கப்பலேறி 1921இல் அங்கே உரிமம் பெற்றார் என்பதை நினைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். ஆண்டர்சன் பிரான்சு போகவில்லை. அவர் வேறொரு வழியைப் பிடித்தார்: பறக்கத் தெரிவதற்கு முன்பே ஒரு விமானத்தை வாங்கிவிட்டார். தன் சேமிப்போடு உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கி 2,500 டாலர் திரட்டி, 22 வயதில், பழைய மோனோகூப் விமானம் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டார். வாடகைக்கு யாரும் விமானம் தராத நிலையில் அது ஒன்றுதான் நடைமுறையில் சாத்தியமான வழி.

விமானம் கையில் இருந்ததால் ஆசிரியரும் ஒரு விதத்தில் கிடைத்தார். ரஸ்ஸல் தா என்ற வெள்ளையின விமானிக்கு அட்லாண்டிக் சிட்டியில் இருந்த தன் தாயைப் போய்ப் பார்க்க ஒரு விமானம் தேவைப்பட்டது. ஆண்டர்சனின் விமானத்தை அவர் வாடகைக்கு எடுத்துக்கொள்ள, உடைமையாளர் என்ற முறையில் ஆண்டர்சன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சென்றார். புறப்படுவதையும் இறங்குவதையும் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார். விமான நிலையத்தில் இருந்தவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்; மிச்சத்தைத் தானே முயன்று பழகினார். 1929 ஆகஸ்டில் அவருக்குத் தனிநபர் விமானி உரிமம் கிடைத்தது. இவரை 'தானே கற்றவர்' என்று எழுதுவது வழக்கம். அது முழு உண்மையல்ல என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் அடுத்த கட்டத்தில் அவருக்கு முறையான ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். எர்ன்ஸ்ட் பியூல் என்ற அந்த ஜெர்மானியர் முதல் உலகப் போரில் பறந்தவர். 1920களில் அமெரிக்காவுக்கு வந்து வான்வழி அஞ்சல் தடங்களைத் திறக்க உதவியவர். அவர் நிறம் பார்க்கவில்லை. தேர்வை நடத்த வேண்டிய அதிகாரி தயங்கியபோதும் தன் மாணவனுக்காக விடாமல் பேசினார். 1932 பிப்ரவரியில் ஆண்டர்சன் வணிக விமானி உரிமம் பெற்றார். அமெரிக்காவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. தனக்குக் கிடைக்காமல் போகவிருந்த ஒன்றை ஒரு ஆசிரியர் பிடிவாதமாகப் பெற்றுத் தந்தார் என்ற அனுபவம், பின்னாளில் இவரே ஆசிரியரான போது இவருக்குள் இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே 1932இல்தான் தன் இளமைக்காலத் தோழி கெர்ட்ரூட் நெல்சனை அவர் மணந்துகொண்டார். நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த நேரம் அது. வணிக விமானி உரிமம் கையில் இருந்தாலும், கறுப்பின விமானி ஒருவருக்கு வேலை தரும் நிறுவனம் எதுவும் இல்லை. அந்த நிலையில்தான் மருத்துவர் ஆல்பர்ட் ஃபோர்சைத் இவருடைய வாழ்க்கையில் வந்தார். பஹாமாஸில் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்து, அட்லாண்டிக் சிட்டியில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்சைத்துக்கும் பறப்பதில் தீராத ஆர்வம். கறுப்பினத்தவரால் விமானம் ஓட்ட முடியும் என்பதைப் பேசி நிரூபிப்பதைவிடப் பறந்து காட்டுவதே மேல் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

அந்த 1932ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பேனிங், தாமஸ் ஆலன் என்ற இரு கறுப்பின விமானிகள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை ஒருவழிப் பயணமாகப் பறந்து சென்றிருந்தார்கள். ஃபோர்சைத்தும் ஆண்டர்சனும் 1933 ஜூலையில் அட்லாண்டிக் சிட்டியில் புறப்பட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்த் திரும்பியும் வந்தார்கள். கண்டத்தின் குறுக்கே கறுப்பின விமானிகள் போய்வந்த முதல் இருவழிப் பயணம் இது. அவர்கள் ஓட்டிய ஃபேர்சைல்ட் 24 விமானத்துக்கு 'அட்லாண்டிக் சிட்டியின் பெருமை' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அதில் வானொலி இல்லை, இரவில் இறங்குவதற்கான விளக்கு இல்லை, பாராசூட்டும் இல்லை. திசைகாட்டியும் உயரமானியும்தான் துணை. அதே ஆண்டு கனடாவின் மாண்ட்ரீலுக்கும் பறந்து வந்தார்கள்.

1934இல் மேற்கொண்ட கரீபியப் பயணம் இன்னும் துணிச்சலானது. மியாமியிலிருந்து கடலைக் கடந்து பஹாமாஸின் தலைநகர் நாசாவுக்கு, ஒற்றை எஞ்சின் கொண்ட மோனோகூப் விமானத்தில் புறப்பட்டார்கள். அதற்கு முன் அங்கே வந்தவையெல்லாம் நீரில் இறங்கும் விமானங்கள். சக்கர விமானம் இறங்குவதற்கு ஓடுதளம் என்று ஒன்றே அங்கு கிடையாது. இருட்டிய பின் போய்ச் சேர்ந்த அவர்களுக்காக ஒரு மண்சாலையின் ஓரமாகக் கார்களை நிறுத்தி முகப்பு விளக்குகளை எரியவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் ஆண்டர்சன் விமானத்தை இறக்கினார். இறங்கும் விளக்கு இல்லாத விமானத்தில், இரு பக்கமும் ஆட்கள் நிற்கும் குறுகலான சாலையில், சாலையின் மட்டம் கடைசி நொடிகளில்தான் கண்ணுக்குப் புலப்படும் நிலையில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை வால்சக்கர விமானம் ஓட்டியவர்கள் அறிவார்கள். இறங்கும்போது மூக்கு மேல்நோக்கி நிற்பதால் அந்த வகை விமானத்தில் நேர் எதிரே பார்ப்பதே அரிது; பக்கவாட்டில் தெரிவதை வைத்துத்தான் உயரத்தைக் கணிக்க வேண்டும். அங்கிருந்து கியூபா, ஜமைக்கா, ஹைட்டி என்று தீவு தீவாகச் சென்றவர்கள் டிரினிடாட் வரை போனார்கள். அங்கே புறப்படும்போது விபத்தில் விமானம் சேதமடைந்ததால் பயணம் முடிந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள்.

துணிச்சலுக்காகவே நினைவுகூரப்பட வேண்டிய மனிதர் என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பயணங்களுக்குப் பிறகு ஆண்டர்சன் புதிய சாதனை எதையும் தேடிப் போகவில்லை, கற்பிக்கப் போனார். 1930களின் இறுதியில் அமெரிக்க அரசு, போர் வந்தால் விமானிகள் தேவைப்படுவார்கள் என்று எண்ணிக் கல்லூரி மாணவர்களுக்குக் குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இனம், நிறம் காரணமாக யாருக்கும் பயிற்சியை மறுக்கக்கூடாது என்ற விதி அதற்கான 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. வாஷிங்டனின் ஹவர்டு பல்கலைக்கழகத்தில் அந்தத் திட்டத்தின் கீழ் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்த ஆண்டர்சனை 1940இல் டஸ்கீகி கல்வி நிலையம் தன் தலைமை விமானப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. மனைவியோடு அலபாமாவுக்குக் குடிபெயர்ந்தார். கறுப்பினத்தவர் எங்கே உட்கார வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதைச் சட்டமே வகுத்திருந்த தென்மாநிலம் அது. வடக்கில் பிறந்து வளர்ந்த ஒருவர் குடும்பத்தோடு அங்கே போய் வாழ முடிவெடுத்தது சாதாரண விஷயமில்லை.

அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படும் நிகழ்ச்சி அடுத்த ஆண்டு நடந்தது. 1941 மார்ச்சில் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் டஸ்கீகிக்கு வந்தார். கறுப்பினத்தவரால் விமானம் ஓட்ட முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று ஆண்டர்சனிடமே கேட்டுவிட்டு, தன்னை ஏற்றிச் செல்ல முடியுமா என்றும் கேட்டார். பாதுகாவலர்கள் பதறியும் அவர் பொருட்படுத்தவில்லை. மார்ச் 29 அன்று ஆண்டர்சன் அவரை டஸ்கீகியின் மேலே ஒரு சுற்றுக் கூட்டிப் போய்ப் பத்திரமாக இறக்கினார். முன்னிருக்கையில் ஆண்டர்சனும் பின்னிருக்கையில் முகம் மலர்ந்த எலினாரும் இருக்கும் புகைப்படம் நாளிதழ்களில் வந்தது. இந்தப் பயணத்தின் விளைவாகத்தான் கறுப்பின விமானப்படைப் பிரிவே உருவானது என்று பலர் எழுதுகிறார்கள். தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. 99ஆம் பிரிவு என்ற அந்தக் கறுப்பினப் பிரிவு அமைக்கப்படும் என்று ராணுவத் துறை அந்த ஆண்டு ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பிரிவு முறைப்படி தொடங்கப்பட்டும் இருந்தது. ஆனால் எலினார் உறுப்பினராக இருந்த ரோசன்வால்ட் நிதியம் பயிற்சிக்கான விமானத்தளம் கட்ட டஸ்கீகிக்கு 1,75,000 டாலர் கடன் கொடுத்தது. மோட்டன் ஃபீல்டு என்ற தளம் அந்தப் பணத்தில் எழுந்தது. அந்த ஒரு சுற்றுப் பயணத்துக்கு இருந்த மதிப்பைக் குறைக்காமலேயே இந்த உண்மையைச் சொல்ல முடியும்: கறுப்பின விமானியை நம்பி ஒரு நாட்டின் முதல் பெண்மணி உட்கார்ந்தார் என்ற காட்சி, எந்த அறிக்கையாலும் செய்ய முடியாததைச் செய்தது.

ஏன் அப்படியொரு காட்சி தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை ஒன்று, கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் குறைந்தவர்கள் என்று அப்பட்டமாகவே எழுதியிருந்தது. ராணுவத்தின் மேல்மட்டத்தில் பலர் அதை நம்பினார்கள். ஆகவே டஸ்கீகியில் பயிற்சிக்கு வந்த ஒவ்வோர் இளைஞனும் தனக்காக மட்டுமன்றித் தன் இனம் முழுவதற்குமாகத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய முதல் ஆசிரியர்களாக ஆண்டர்சனும் அவருக்குக் கீழ் இருந்த கறுப்பினப் பயிற்றுநர்களும் இருந்தார்கள்.

மோட்டன் ஃபீல்டில் நடந்தது தொடக்கநிலைப் பயிற்சி. பயிற்றுநர்கள் ராணுவத்தைச் சேராதவர்கள். அதைத் தேறியவர்கள் அருகில் இருந்த டஸ்கீகி ராணுவ விமானத்தளத்துக்குச் சென்று, பெரும்பாலும் வெள்ளையின அதிகாரிகளிடம் அடுத்த நிலைப் பயிற்சிகளைப் பெற்றார்கள். தொடக்கநிலையில் மாணவன் பழகியது ஸ்டியர்மன் என்ற இரட்டை இறக்கை விமானம். இரண்டு இருக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, மேலே கூரையில்லாமல் இருக்கும். ஆசிரியர் முன்னால் அமர்வார், மாணவன் பின்னால். எஞ்சின் இரைச்சலிலும் காற்றிலும் பேச்சு கேட்காது என்பதால் ஆசிரியரின் வாயருகிலிருந்து மாணவனின் தலைக்கவசக் காதுகள் வரை ஒரு ரப்பர்க் குழாய் போகும். ஆசிரியர் சொல்வது மாணவனுக்குக் கேட்கும். மாணவனால் பதில் பேச முடியாது. அவனுடைய பதிலெல்லாம் கையிலும் காலிலும்தான். கட்டுப்பாட்டுத் தண்டை அவன் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறான், திரும்பும்போது கால்மிதியை முன்கூட்டியே அழுத்துகிறானா பிந்தி அழுத்துகிறானா என்பதை, இணைக்கப்பட்ட தன் தண்டின் வழியாகவே ஆசிரியர் உணர்வார். ஸ்டியர்மனின் சக்கரங்கள் நெருங்கி அமைந்தவை. தரையைத் தொட்ட பிறகு கவனம் சற்றுச் சிதறினாலும் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறக்கை நுனியைத் தரையில் உரசிவிடும். வானத்தில் நன்றாகப் பறந்தவன் தரையில் தோற்றுப்போவது அடிக்கடி நடக்கும். எப்போது தான் கையை எடுத்துவிட வேண்டும், எப்போது குறுக்கிட்டுப் பிடிக்க வேண்டும் என்பதை அறிவதே பயிற்றுநரின் கலை. சீக்கிரம் குறுக்கிட்டால் மாணவன் கற்க மாட்டான். தாமதித்தால் இருவருமே அடிபடுவார்கள். சுமார் 60 மணி நேரம் இப்படிப் பறந்த பிறகே அவன் அடுத்த தளத்துக்கு அனுப்பப்படுவான்.

1941 ஜூலையில் தொடங்கிய முதல் வகுப்பில் 13 பேர் சேர்ந்தார்கள். 1942 மார்ச்சில் தேறிய விமானிகளுக்கான இறக்கைச் சின்னம் பெற்று வெளியேறியவர்கள் 5 பேர் மட்டுமே. அந்த ஐவரில் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகளும் சக மாணவர்கள் அவரோடு பேசாமலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பின்னாளில் அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரலாக உயர்ந்தார். முதல் வகுப்பைச் சேராத மற்றொரு டஸ்கீகி மாணவர் டேனியல் 'சாப்பி' ஜேம்ஸ். டஸ்கீகியில் மாணவராகப் பறக்கக் கற்று, அங்கேயே சில காலம் பயிற்றுநராக இருந்து, பிறகு ராணுவப் பயிற்சியில் சேர்ந்த அவர், 1975இல் நான்கு நட்சத்திர ஜெனரல் பதவியை அடைந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1941 முதல் 1946 வரை டஸ்கீகியில் தேறிய விமானிகள் 992 பேர். அவர்களில் 355 பேர் போர்முனைக்குச் சென்றார்கள். ஆண்டர்சன் போர்முனைக்குப் போகவில்லை. எதிரி விமானம் எதையும் அவர் வீழ்த்தவில்லை. வீரப் பதக்கங்களின் பட்டியலில் தேடினால் அவரைக் காண முடியாது. ஆனால் தொடக்கநிலைத் தளத்தைத் தாண்டாமல் அந்தப் பட்டியலுக்குப் போனவர் யாருமில்லை, அந்தத் தளத்தில் கற்பித்தலுக்குப் பொறுப்பேற்றவர் அவர்.

போர் முடிந்தபின் என்ன ஆனார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இந்தப் பகுதிதான் அவரை நன்கு அடையாளம் காட்டுகிறது. 1948இல் ஜனாதிபதி ட்ரூமன் ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்க ஆணையிட்டார். ஆனால் பயணிகள் விமான நிறுவனங்கள் கறுப்பின விமானிகளுக்குக் கதவைத் திறக்க மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மார்லன் கிரீன் என்ற முன்னாள் விமானப்படை விமானி உச்ச நீதிமன்றம் வரை போய் 1963இல் வென்ற பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. நாட்டின் மிகத் தேர்ந்த பயிற்றுநர்களில் ஒருவராக இருந்தும் ஆண்டர்சனுக்கு ஒரு விமான நிறுவனச் சீருடை கிடைக்க வழியே இல்லை. அது அநியாயம், அதை அநியாயம் என்றே சொல்ல வேண்டும். அவர் மோட்டன் ஃபீல்டிலேயே தங்கினார். போரிலிருந்து திரும்பியவர்களுக்கான அரசுக் கல்வி உதவித் திட்டத்தின் கீழ் பறக்கக் கற்றுக்கொடுத்தார். கறுப்பினத்தவர், வெள்ளையர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. விமானங்களை விற்றார், பழுது பார்த்தார். 1967இல் கறுப்பின விமானிகளுக்கான 'நீக்ரோ ஏர்மென் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பை நிறுவியவர்களில் ஒருவராக இருந்து, இளைஞர்களுக்கு டஸ்கீகியில் கோடைக்காலப் பறக்கும் பயிற்சி நடத்த வழி செய்தார். எண்பது வயதைத் தாண்டியும் பறந்துகொண்டிருந்தார்.

தொடக்கத்தில் சொன்ன கேள்வியில் குடும்பமும் இருந்தது. ஒரு மனிதர் குடும்பத்துக்கு உண்மையாக இருந்தார் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எதை வைத்துச் சொல்ல முடியும்? அவர் வாழ்ந்த விதத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். இளமையில் நேசித்த பெண்ணையே மணந்தார். ஆல்ஃபிரட், சார்லஸ் என்று இரண்டு மகன்கள். 1940இல் வந்த அதே டஸ்கீகியில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, அங்கேயே 1996 ஏப்ரல் 13 அன்று 89 வயதில் புற்றுநோயால் காலமானார். சாகச விமானிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அவர்களில் பலருடைய வீடுகள் நெடுங்காலம் காத்திருந்த வீடுகள். கற்பிக்கும் விமானியோ காலையில் தளத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்புவார். 1934இல் கடல் தாண்டிப் பறந்த மனிதர் அதன் பின் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே ஊரின் வானத்தில், மாணவர்களோடு, வீட்டுக்கு எட்டும் தூரத்தில் செலவிட்டார். அதை அவர் இழப்பாக எண்ணியதற்கான அடையாளம் எதையும் நான் படித்ததில் காணவில்லை. அவருடைய நினைவையும் உழைப்பையும் மக்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பணியைப் பின்னாளில் பேத்தி ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

டஸ்கீகி விமானிகளுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2007 மார்ச் 29 அன்று வழங்கப்பட்டது. எலினார் பறந்த நாளிலிருந்து சரியாக 66 ஆண்டுகள். ஆண்டர்சன் அப்போது உயிரோடு இல்லை. 2014 மார்ச்சில் அமெரிக்க அஞ்சல் துறை அவருடைய உருவம் தாங்கிய 70 சென்ட் அஞ்சல்தலையை அவர் பிறந்த பிரின் மாரில் வெளியிட்டது.

அவர் பணியாற்றிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மோட்டன் ஃபீல்டு 1998இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டு, அதன் விமானக் கொட்டகை 2008இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் இரண்டாம் கட்டப் பயிற்சி நடந்த டஸ்கீகி ராணுவ விமானத்தளம் சில கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொரு இடம். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள் உண்டு. ஆண்டர்சன் கற்பித்தது மோட்டன் ஃபீல்டில்.